மறவர் சீமையின் பண்டாரசாமி

புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், புதன்கிழமை, ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 46 வயது நிறைய அவருக்கு ஒரு மாதம்கூட இல்லை. பிறந்த ஊரான லிஸ்பனில் அவர் ஜான் தெ பிரிட்டோ. தமிழ் மண்ணில் காவி உடுத்தி, கோலூன்றி, பாதக்குறடு அணிந்து நடந்த ஆண்டுகளில் அவர் அருளானந்த சாமி. கத்தோலிக்கத் திருச்சபை அவரை வேதசாட்சியாகப் போற்றுகிறது. அவருடைய மரணத்துக்கு மதம் ஒரு காரணம். ஓர் அரச குடும்பத்தின் மணவுறவும், ஓர் அரியணையைப் பற்றிய அச்சமும் அதனோடு சேர்ந்தே அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோயின. அம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த வாழ்வும் அது சொல்லும் பாடமும் முழுமையாகப் புரியும்.

ஓரியூர் இன்று இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில், பாம்பாற்றங்கரையில் இருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய நேமத்தான்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களிலிருந்து தேவகோட்டை வழியாகத் தென்கிழக்கே தொண்டிக் கடற்கரையை நோக்கிப் போனால் அந்த வறண்ட கண்மாய்ச் சீமையை அடையலாம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நிலம் முழுவதையும் இராமநாதபுரத்துச் சேதுபதிகள் ஆண்டனர். சிவகங்கைச் சீமை என்று தனியாக ஒன்று அப்போது கிடையாது. சேதுநாடு பிரிந்து அது உருவானது 1730 வாக்கில்தான். திருச்சபை ஆட்சியில் இரண்டு பகுதிகளும் மீண்டும் ஒன்றாகிவிட்டன. 1987 ஜூலையில் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சிவகங்கை மறைமாவட்டத்தில் நேமத்தான்பட்டியும் அடங்கும், ஓரியூரும் அடங்கும்.

அருளானந்தர் 1647 மார்ச் 1ஆம் நாள் போர்த்துகல் நாட்டின் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சால்வதோர் தெ பிரிட்டோ பெரேரா பிரேசிலில் அரசுப் பொறுப்பேற்றுப் போனவர், அங்கேயே இறந்தார். பிள்ளைகளைத் தாய் வளர்த்தார். சிறுவன் ஜான் அரண்மனையில் பணிவிடைப் பிள்ளையாகச் சேர்ந்து, பின்னாளில் அரசரான இளவரசர் பேதுருவின் விளையாட்டுத் தோழனானான். ஒருமுறை கடும் நோயில் விழுந்து பிழைப்பது அரிதானபோது, தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ச்சைப்படி ஓராண்டு முழுவதும் இயேசு சபையினரின் கறுப்பு அங்கியை அணிந்து அரண்மனைக்குள் நடமாடினான். கோவிலுக்கு நேர்ந்து பிள்ளைக்குக் காவி கட்டும் தமிழ்த் தாய்மாருக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாது. அந்த அங்கி பிறகு நேர்ச்சைக்கானதாக மட்டும் இருக்கவில்லை. 1662 டிசம்பரில், 15ஆம் வயதில், அவர் இயேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். தத்துவமும் இறையியலும் கற்று 1673இல் குருப்பட்டம் பெற்றார். அந்த ஆண்டே கப்பலேறி, செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தார். தாய் தடுத்துப் பார்த்தார், உயரிடத்துச் சிபாரிசுகளையும் நாடினார். மகன் மனம் மாறவில்லை.

அவர் வந்து சேர்ந்த, இயேசு சபையினரின் மதுரை மிஷனுக்கு அப்போதே எழுபது ஆண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி என்ற தத்துவ போதகர், பரங்கியரின் உடையும் உணவும் பழக்கமும் தமிழர் கண்ணில் இழிவாகத் தெரிவதைக் கண்டார். கிறிஸ்தவர் ஆவது பரங்கியர் ஆவதல்ல என்று காட்ட, அவர் பிராமண சந்நியாசியின் வாழ்க்கையை மேற்கொண்டார். அந்த வழியில் ஒரு தடை இருந்தது. பிராமண சந்நியாசி வேடத்தில் இருப்பவர் உழைக்கும் சாதியினரின் வீட்டு வாசலுக்குப் போக முடியாது. அதற்கு மாற்றாக 1640ஆம் ஆண்டு பால்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி முறையைத் தொடங்கினார். பண்டாரங்களைத் தமிழ்நாடு ஏற்கெனவே அறியும். பிராமணரல்லாத சைவத் துறவிகளான அவர்கள் எந்தத் தெருவுக்கும் போகலாம், எவருக்கும் உபதேசிக்கலாம். அருளானந்தர் தேர்ந்தது இந்த வழியைத்தான்.

அது உடை மாற்றிக்கொள்வதோடு நின்றுவிடும் காரியம் அல்ல. காவித்துணி, தலைப்பாகை, கைக்கோல், காதில் வளையம் ஆகியவை வெளித்தோற்றம். உள்ளே இருந்த ஒழுக்கமே கடினமானது. இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் கூடாது. சோறும் கீரையும் பாலும், அதுவும் பெரும்பாலும் ஒரு வேளை. படுக்கை தரையில். கண்மாய் நீரைக் குடித்து, வெயிலில் கால்நடையாக ஊர் ஊராகப் போக வேண்டும். இரவில்தான் மக்கள் வருவார்கள். விடிய விடிய உபதேசம், பாவசங்கீர்த்தனம், திருப்பலி. விடிந்ததும் அடுத்த ஊர். பல பாதிரிமாரின் உடல் இதைத் தாங்கவில்லை. ஊரார் துறவியை மதித்தது அவர் பேச்சுக்காக அல்ல, அவர் வயிற்றைக் கட்டியதற்காக என்பதை அருளானந்தர் விரைவில் புரிந்துகொண்டார். ஆகவே தவம் அவரிடம் உபதேசத்துக்கு முன்னுரை ஆகாமல், உபதேசமாகவே ஆனது. இந்தப் புனிதரின் ஆன்மிகத்துக்கு வேர் இதுதான்.

முதல் ஆண்டுகளை அவர் செஞ்சி, தஞ்சை நாடுகளின் எல்லைப் பகுதியில் கழித்தார். தத்துவாஞ்சேரி அவருடைய முக்கிய இருப்பிடங்களில் ஒன்று. அது கலக்கமான காலம். தஞ்சையில் நாயக்கர் ஆட்சி ஒழிந்து மராட்டியர் ஆட்சி வந்தது. 1677இல் சிவாஜியின் படை செஞ்சியைப் பிடித்தது. மதுரை நாயக்கரின் பிடி தளர்ந்தது. பஞ்சமும் வெள்ளமும் கொள்ளையும் மாறி மாறி வந்தன. கொள்ளிடக் கரையில் வெள்ளம் புகுந்து ஊர்கள் அழிந்தபோது எஞ்சிய மக்களோடு அருளானந்தரும் பட்டினி கிடந்தார். அந்நாளில் இயேசு சபையினர் தங்கள் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் எழுதிய கடிதங்கள், அருளானந்தர் எழுதியவை உட்பட, நாயக்கர் கால வரலாற்றுக்கு இன்று முக்கியமான சான்றுகள். படையெடுப்புகளையும் வரிக்கொடுமையையும் கீழிருந்து, கிராமத்தின் கண்ணால் பார்த்து எழுதிய வேறு ஆவணங்கள் அக்காலத்தில் மிகக் குறைவு.

1685இல் அவர் மதுரை மிஷனின் தலைவரானார். சேதுபதிகள் ஆண்ட மறவர் நாட்டில் அதற்குள் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், ஆனால் பல ஆண்டுகளாக எந்தக் குருவும் அங்கே துணிந்து போகவில்லை. 1686 மே மாதம் அருளானந்தர் போனார். இரண்டே மாதங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஜூலையில் மங்கலத்தில், குமாரப்பிள்ளை என்ற சேதுபதியின் அதிகாரியிடம் பிடிபட்டார். அவரையும், உடனிருந்த உள்ளூர் மறைபோதகர்களான உபதேசியார்களையும் சிவ நாமத்தைச் சொல்லும்படி வற்புறுத்தினார்கள். மறுத்ததும் அடித்தார்கள், நீரில் அமுக்கினார்கள், காளையார்கோவிலில் கூர்மையான பாறையின்மேல் கிடத்தி மிதித்தார்கள். அடியில் ஓர் உபதேசியாரின் கண் பிதுங்கிவிட்டது என்றும், அருளானந்தர் சிலுவை அடையாளம் வரைந்ததும் அது குணமானது என்றும் மரபு சொல்கிறது. கழுவேற்றும்படி தீர்ப்பாகியும், சேதுபதி அவர்களை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்து விடுவித்தார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: மறவர் நாட்டில் இனி இந்த மதத்தைப் போதிக்கக் கூடாது.

அப்போது ஆண்டவர் இரகுநாத கிழவன் சேதுபதி. வேதசாட்சியின் கதையைச் சொல்பவர்கள் அவரைக் கொடுங்கோலனாகவே தீட்டுவது வழக்கம். அது முழு உண்மை ஆகாது. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கற்கோட்டை எழுப்பியவர் அவர். மதுரையின் மேலாண்மையை உதறி, சேதுநாட்டைத் தனியரசாக்கியவரும் அவரே. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருடைய அவையில் பெருமதிப்புடன் இருந்தார். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபு தலையெடுத்ததும் அவருடைய ஆதரவால்தான். வேற்று மதத்தார் என்பதற்காகவே ஒருவரைக் கொல்லும் இயல்புடையவர் என்று இவரைச் சொல்ல ஆதாரம் இல்லை. 1686இல் அருளானந்தரை உயிரோடு அனுப்பியதே அதற்குச் சான்று. ஏழு ஆண்டுகளில் எது மாறியது என்பதே கேள்வி.

இடையில் அருளானந்தர் ஐரோப்பாவுக்குப் போய் வந்தார். மிஷனின் நிலையை எடுத்துச்சொல்லி ஆளும் பொருளும் திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1687 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 1688 செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். பால்யத் தோழர் இப்போது அரசர் இரண்டாம் பேதுரு. அவர் அருளானந்தரைத் தன் பிள்ளைக்கு ஆசானாக அரண்மனையிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். தாய் இன்னும் உயிரோடு இருந்தார். பிறந்த நாட்டிலும் அருளானந்தர் மதுரை மிஷனின் உணவு நோன்பை விடவில்லை, கட்டிலில் படுக்கவில்லை. அரண்மனைப் பொறுப்புக்குத் தகுதியானவர்கள் போர்த்துகலில் பலர் உண்டு, மதுரைக்கு வருவோர் சிலரே என்ற கருத்தில் அவர் அசையவில்லை. 1690இல் மீண்டும் கப்பலேறினார். அந்த ஆண்டின் இறுதியில் கோவா. 1692இல் மறவர் நாட்டு எல்லையில் உள்ள முனி என்ற காட்டோர ஊரில் ஒரு குடிசை.

தடை விதிக்கப்பட்ட நாட்டுக்கு ஏன் திரும்பினார்? சாவைத் தேடிப் போனார் என்று எழுதுபவர்கள் உண்டு. வேதசாட்சி முடியை அவர் விரும்பியது உண்மையே, அவருடைய கடிதங்கள் அதை மறைக்கவில்லை. ஆனால் 1686இல் அவர் கையால் திருமுழுக்குப் பெற்ற இரண்டாயிரம் பேரும் அந்த நாட்டில்தான் இருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானமும் சாகிறவருக்கு அவஸ்தைப் பூசுதலும் கொடுக்க ஆளில்லாமல் இருந்தார்கள். வழியில் விட்டுவிட்டு வந்த மந்தைக்குத் திரும்பிப் போவது ஒரு மேய்ப்பனின் கடமை. வீரத்தைவிட இந்தக் கடமையுணர்வுதான் அவரை இழுத்தது என்று கொள்வதே பொருத்தம். அவர் பகலில் மறைந்தும் இரவில் உபதேசித்தும் பல மாதங்கள் உயிரைக் காத்துக்கொண்டார். சாவதற்கென்றே வந்தவர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

தடியத் தேவர் இந்தக் கதைக்குள் வந்தது அப்போதுதான். மறவர் நாட்டின் பழைய ஆளும் குடும்பத்தைச் சேர்ந்தவர், அரியணைக்கு உரிமை சொல்லக்கூடியவர். தீராத நோயில் கிடந்த அவர் அருளானந்தரை அழைத்தனுப்பினார். அருளானந்தர் முதலில் தான் போகாமல் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின்மேல் நற்செய்தியின் ஒரு பகுதியை வாசித்தார். தேவர் எழுந்தார். மதுரை மிஷனில் பாதிரிமாரைவிட உபதேசியார்களே மக்களோடு நெருக்கமாக இருந்து வேலை செய்தார்கள். பெயர்கூடப் பதிவாகாத அந்தத் தமிழர்கள் இல்லாமல் ஒரு ஊரில்கூடத் திருச்சபை வேரூன்றியிருக்காது. அரசகுலத்தவர் ஒருவரின் மனமாற்றமும் அவர்களில் ஒருவரால்தான் தொடங்கியது.

நலம் பெற்ற தடியத் தேவர் திருமுழுக்கு வேண்டினார். அவருக்கு மனைவியர் பலர். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பது கிறிஸ்தவ மண நெறி. அருளானந்தர் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. உடையிலும் உணவிலும் தமிழராகவே மாறியவர், இந்த ஒரு விஷயத்தில் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே சட்டம் என்று நின்றார். தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களின் பிழைப்புக்குக் குறைவைக்கவில்லை, மரியாதையோடு வைத்துக்கொண்டார் என்கின்றன மிஷன் வரலாறுகள். 1693 ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, சுமார் இருநூறு பேரோடு அவரும் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். கடலாயி என்று அவரை அழைக்கின்றன அந்த வரலாறுகள். அவர் நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டார். புனிதரின் கதையில் அவருக்குக் கிடைத்தது ஏரோதியாளின் வேடம். திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட அரசியோடு ஒப்பிட்டே அவரைப் பேசுகிறார்கள். அருளானந்தரும் யோவானின் பெயரையே தாங்கியவர் என்பதால் ஒப்புமை எளிதாகப் பொருந்தியும் விடுகிறது. ஆனால் தன் தவறு ஏதுமின்றி, கணவனின் புதிய நம்பிக்கையால் ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்த ஒரு பெண்ணுக்கு, பிறந்த வீட்டில் போய் நியாயம் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவர் தரப்பை எழுதிவைத்தவர் எவரும் இல்லை. அந்த இழப்பைச் சிறிதாக்கிப் பார்ப்பதால் புனிதரின் பெருமை கூடிவிடப் போவதும் இல்லை.

சேதுபதிக்கு இது இரட்டை அடி. தன் குடும்பத்துப் பெண் அவமானப்பட்டார் என்பது ஒன்று. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவர் பின்னால் ஆயிரக்கணக்கான குடிமக்களைக் கொண்ட ஒரு புதிய கூட்டம் சேர்கிறது என்பது மற்றொன்று. 1686இல் இந்தத் துறவி வெறும் போதகராக இருந்தார். 1693இல் ஓர் அரசியல் ஆபத்தின் நடுவில் நின்றார். அவர் அரசியல் எதையும் நினைக்கவில்லை என்றாலும், அரண்மனையின் கணக்கு அப்படித்தான் இருந்திருக்க முடியும்.

திருமுழுக்கு நடந்த இரண்டாம் நாளே, ஜனவரி 8ஆம் தேதி, குதிரைப்படை முனிக்கு வந்தது. அருளானந்தர் ஓடவில்லை, தானே முன்வந்து அவர்களைச் சந்தித்தார். கட்டி இழுத்துச் சென்ற வழியில் அனுமந்தக்குடியில் அவரையும் உடனிருந்தவர்களையும் கோவில் தேரில் கட்டிவைத்து ஊரார் பார்க்க விட்டார்கள். இராமநாதபுரத்தில் தடியத் தேவர் தன் குருவுக்காக வெளிப்படையாக வாதாடினார். அவரைத் தண்டித்தால் உள்நாட்டுக் கலகம் மூளலாம், குருவைத் தலைநகரிலேயே கொன்றாலும் அதே ஆபத்து. அதனால் சேதுபதி வெளியில் நாடு கடத்தல் என்று அறிவித்து, ஓரியூர்ப் பகுதியை ஆண்டுவந்த தன் சகோதரரிடம் கைதியை அனுப்பினார். கொன்றுவிடும்படி இரகசிய ஆணையும் கூடவே போனது.

ஓரியூர்ச் சிறையிலிருந்து பிப்ரவரி 3ஆம் தேதி அருளானந்தர் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மையும் எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து, ஒரு குச்சியால் எழுதினார். தன்மேல் சுமத்தப்பட்ட ஒரே குற்றம் இறைவனின் நெறியைப் போதித்தது என்றும், அதற்காக இறப்பதைத் தாம் இழப்பாகவே எண்ணவில்லை என்றும், வெகுநாள் வேண்டிக்கொண்டது நிறைவேறப் போகிறது என்றும் அதில் மகிழ்ச்சியோடு சொல்கிறார். பிடித்தவர்களைப் பற்றிக் கசப்பு அதில் இல்லை. துன்பத்தில் மகிழ்ச்சி என்பது பக்தி நூல்களில் அடிக்கடி வரும் சொல்தான். அடிபட்ட உடலோடு, மறுநாள் சாவு என்று தெரிந்த இரவுக்கு முன், கரித்துண்டால் அதை எழுதியவர்கள் மிகச் சிலர். அவருடைய வாழ்விலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் இந்தக் கடிதத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மறுநாள் திருநீற்றுப் புதன். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22இல் வந்தது. ஈஸ்டர் அதற்கு முந்தி வரவே முடியாது, ஆகவே தவக்காலத்தின் முதல் நாளும் பிப்ரவரி 4ஆம் தேதிக்கு முந்தி வர வழியில்லை. உலகெங்கும் கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் பூசி மரணத்தை நினைக்கும் நாளில் அவரைக் கொலைக்களத்துக்கு நடத்திச் சென்றார்கள். ஆற்றங்கரை மேட்டில் முழந்தாளிட்டுச் சிறிது நேரம் செபித்தார். பின் எழுந்து, வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டு, அவன் கடமையைச் செய்யச் சொன்னார். அவர் கழுத்தில் தொங்கிய அருட்பொருள் பேழையைத் தாயத்து என்று அஞ்சி, கையால் தொடாமல் வாளாலேயே அறுத்தார்கள். அதில் தோள் வெட்டுப்பட்டது. நீண்ட தாடி வெட்டுக்குத் தடையாக இருந்ததால் அதைக் கயிற்றால் மார்போடு கட்டினார்கள். தலை வீழ்ந்தபின் கைகால்களையும் துண்டித்து, உடலைக் கழுமரத்தில் ஏற்றிக் காவல் போட்டார்கள். தங்களையும் குருவோடு கொல்லும்படி ஓடிவந்த கிறிஸ்தவர் இருவரின் மூக்கும் காதும் அறுக்கப்பட்டன.

பறவையும் விலங்கும் விட்ட எலும்புகளில் சிலவற்றைக் கிறிஸ்தவர்கள் இரவோடிரவாக எடுத்துச் சென்றார்கள். செய்தி லிஸ்பனை எட்டியபோது அரசர் நன்றி வழிபாடு நடத்தினார் என்றும், தாய் துக்க உடையில் வராமல் விழாக்கால உடையில் வந்து அதில் கலந்துகொண்டார் என்றும் சொல்வார்கள். முதலில் மகனைத் தடுத்தவரும் இதே தாய்தான்.

புனிதர் பட்டத்துக்கான விசாரணை சில ஆண்டுகளிலேயே தொடங்கியும், பட்டம் கிடைக்க இரண்டரை நூற்றாண்டு ஆனது. வழியை மறித்தது அவர் அணிந்த காவி. இயேசு சபையினர் சந்தனம் பூசுவதும், உள்ளூர்ச் சடங்குகளையும் சாதி வழக்கங்களையும் அனுமதிப்பதும் மூட நம்பிக்கைக்கு இடம் கொடுப்பதாகும் என்று ரோமில் குற்றச்சாட்டு எழுந்தது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் அவற்றில் பலவற்றைத் தடைசெய்தார். அப்படியானால் அவ்வழக்கங்களைக் கைக்கொண்டு இறந்தவர் புனிதராக முடியுமா? 1741இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், அது அருளானந்தரின் வழக்குக்குத் தடை ஆகாது என்று தீர்ப்பளித்தார். மூன்றே ஆண்டு கழித்து, அந்தச் சடங்குகளுக்குக் கடிவாளமிட்டு இறுதி ஆணை வெளியிட்டவரும் அவரே. வழக்கங்களைப் பற்றி என்ன தீர்ப்பு வந்தாலும், ஒருவர் தன் உயிரைக் கொடுத்ததன் தூய்மை வேறு என்று பிரித்துப் பார்த்த நிதானம் அது.

1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டதால் வழக்கு உறங்கியது. 1814இல் சபை மீண்டது, 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். 1853இல் ஒன்பதாம் பத்திநாதர் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 1947 ஜூன் 22ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியா விடுதலை பெற அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. அருளானந்தர் தமிழ் மண்ணில் இறந்து, பட்டம் பெற்ற போர்த்துகீசியர். இம்மண்ணிலேயே பிறந்து வேதசாட்சியான தேவசகாயம் 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15இல்தான் புனிதரானார்.

ரோம் தீர்மானிக்கும்வரை ஓரியூர் மக்கள் காத்திருக்கவில்லை. இரத்தம் சிந்திய மேடு சிவந்துவிட்டது என்று நம்பி, அந்தச் செம்மண்ணை மருந்தாக எடுத்துச் செல்லத் தொடங்கினார்கள். இன்றும் எடுக்கிறார்கள். அவர் இறந்தது புதன் என்பதால் வாரந்தோறும் புதன்கிழமை கூட்டம் வருகிறது. முடியிறக்குவது, கிடா வெட்டிப் பொங்கி ஏழைகளுக்கு அசனம் போடுவது, பிள்ளைவரம் கிடைத்தவர்கள் தென்னங்கன்று கொண்டுவந்து வைப்பது, குழந்தையைக் கோவிலுக்கு ஒப்புக்கொடுத்து ஏலத்தில் எடுத்துத் திரும்பப் பெறுவது என எல்லாம் அங்கே நடக்கின்றன. வருபவர்களில் இந்துக்கள் ஏராளம். மறவரும் கள்ளரும் உடையாரும் பள்ளரும் அந்த மண்ணில் சேர்ந்தே நிற்கிறார்கள். எந்த மறவர் அரசின் ஆணையால் அவர் வெட்டப்பட்டாரோ, அந்த மறவர் குடிகளே அவரைக் குலசாமியைப் போலக் காப்பவர்களில் முதன்மையானவர்கள். சீமையை ஆண்டவர்களின் போக்கும் மாறியது. தேவகோட்டைக்கு அருகிலுள்ள சருகணி தேவாலயத்தின் தேர்த் திருவிழாவுக்கு மானியம் அளித்தவர்கள் சிவகங்கையின் மருது சகோதரர்கள்.

செட்டிநாட்டுப் பகுதியில் இந்தப் புனிதரின் பெயர் கோவிலுக்கு வெளியிலும் புழங்குகிறது. தேவகோட்டையில் இயேசு சபையினர் நடத்தும் தே பிரித்தோ மேல்நிலைப் பள்ளியில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளும் சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளும் தலைமுறைகளாகப் படித்து வருகிறார்கள். மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் 1970இல் தொடங்கிய கல்லூரிக்கு அருள் ஆனந்தர் என்று பெயர். அருளானந்தம், அருளானந்து, பிரிட்டோ என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி 4ஆம் நாள் அவருடைய திருநாள் கொண்டாடப்படுகிறது. அதையொட்டித் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் பக்தர்கள் கால்நடையாகவும் வண்டியிலும் ஓரியூருக்குப் புறப்படுகிறார்கள்.